பெட்ரூம் கம்ப்யூட்டரில் இருப்பதை ஹால் டிவியில் வீட்டார் எல்லோரும் பார்க்க என்ன வழி?

வேளச்சேரி_2பிஹெச்கே

வணக்கம். வேளச்சேரியில் வாடகை ஃபிளாட். கடைசி பெட்ரூமில் டெஸ்க்டாப்: இன்டெல் ஐ3-8100, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11, 4 டிபி ஹார்ட் டிஸ்க் (பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது). ஹாலில் 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி, அதே டிவி யூனிட்டின் மேல்தான் ஃபைபர் ரவுட்டர். கம்ப்யூட்டர் வைஃபையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டு சுவரும் ஒரு பாத்ரூமும்.

டிஸ்க்கில் இருப்பவை: கல்யாண டிவிடி, விசிடி காப்பிகள், ஹேண்டிகேமில் எடுத்த எம்டிஎஸ் வீடியோக்கள், ஐபோன் போட்டோக்கள், எம்கேவி படங்கள், அப்பாவின் கச்சேரி எம்பி3 தொகுப்பு. இப்போது எல்லாமே பென்டிரைவில் போய் வந்துகொண்டிருக்கிறது.

விண்டோஸிலேயே உள்ள மீடியா ஸ்ட்ரீமிங்கை ஆன் செய்து பார்த்தேன். சில படங்களில் காட்சி வருகிறது, சத்தம் வரவில்லை. 4கே போட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை வட்டம் சுற்றுகிறது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது. சில நாள் டிவியில் கம்ப்யூட்டரின் பெயரே தெரிவதில்லை.

சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் ஒப்பமாட்டார். 5,000 ரூபாய்க்கு மேல் செலவு வேண்டாம். அப்பாவும் அம்மாவும் யாரையும் கூப்பிடாமல் ரிமோட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். என்ன செய்யலாம்?

---

கேட்6_காரர்

சார், நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, மூன்று. வட்டம் சுற்றுவது பாதையில் உள்ள கோளாறு. சத்தம் வராதது கோப்பு வடிவத்தில் உள்ள கோளாறு. பெயர் தெரியாதது விண்டோஸ் செட்டிங். மூன்றையும் ஒரு சாஃப்ட்வேரை மாற்றித் தீர்க்கப் பார்த்தால் தீராது. முதலில் பாதையைச் சரி செய்யுங்கள்.

இப்போது படம் பெட்ரூமிலிருந்து ரவுட்டருக்குக் காற்றில் வருகிறது, அங்கிருந்து டிவிக்கும் காற்றில் போகிறது. இரண்டும் ஒரே பேண்டில் இருந்தால் ஒரே காற்றை இரண்டு முறை செலவழிக்கிறீர்கள், கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். அபார்ட்மெண்டில் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கேட்கவே வேண்டாம்: ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், மேல்வீடு கீழ்வீடு எல்லாம் அதில்தான் நெரிகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம்தான், ஆனால் ஒன்பது இன்ச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். பாத்ரூம் டைல்ஸும் அதற்குள் ஓடும் தண்ணீர்க் குழாயும் வேறு.

எவ்வளவு வேகம் தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். ஜிபியை 8,000-ஆல் பெருக்கி, படம் ஓடும் விநாடிகளால் வகுத்தால் சராசரி எம்பிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) கிடைக்கும். இரண்டரை மணி நேரம் ஓடும் 50 ஜிபி படம் என்றால் 4,00,000 வகுத்தல் 9,000, அதாவது சுமார் 44. இது சராசரிதான். சண்டைக் காட்சி, மழைக் காட்சியில் இதைப் போல் இரண்டு மடங்கு கூடப் போகும். உங்கள் கல்யாண டிவிடி 10-ஐத் தாண்டாது, ஹேண்டிகேம் 28-ஐத் தாண்டாது. இடிப்பது 4கே மட்டும்தான்.

செய்ய வேண்டியது: கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள். துளை வேண்டாம். கதவு நிலையின் ஓரமாகவும் சுவரடிப் பட்டியின் மேலும் ஒட்டும் பிவிசி கேசிங் வைத்துக் கொண்டு வந்துவிடலாம். கதவுக்கு அடியில் மட்டும் தட்டைக் கேபிள் போதும். நூல் பிடித்து அளந்து, அதற்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டி, இரண்டு முனையிலும் பிளக்கைக் கடித்து (கிரிம்ப் செய்து) தருவார்கள். வாங்கும்போது ஒரு நரம்பைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். இரண்டு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

மாட்டியதும் விண்டோஸ் நெட்வொர்க் விவரத்தில் லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் ரவுட்டரில் கேபிள் செருகும் எல்லா லேன் ஓட்டையும் கிகாபிட்தானா என்று முதலில் பாருங்கள். சில ரவுட்டர்களில் ஒன்று மட்டும்தான் கிகாபிட். ஓட்டை சரியாக இருந்தும் 100 என்றால் எட்டு நரம்பில் ஏதோ ஒன்று சரியாகக் கடிபடவில்லை.

டிவிக்கும் கேபிள் போட்டுவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். பெரும்பாலான டிவிகளின் லேன் ஓட்டை 100 எம்பிபிஎஸ்தான். ரவுட்டர் பக்கத்திலேயே இருப்பதால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் விட்டாலே அதைவிட வேகமாக ஓடும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை யாராவது சொல்வார்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் பெட்ரூம் ஒரு ஃபேஸ், ஹால் ஒரு ஃபேஸ் என்று இருந்தால் அது நொண்டும். ஸ்டெபிலைசர், ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் வழியாகச் செருகினாலும் அப்படித்தான்.

---

நங்கநல்லூர்_நாட்டாமை

பெயர் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விடுகிறது. இன்னொன்று, விண்டோஸ் உங்கள் வைஃபையை 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதை 'பிரைவேட்' ஆக்குங்கள். கேபிள் மாட்டியதும் அது புது நெட்வொர்க் என்று நினைத்து மறுபடி 'பப்ளிக்' ஆக்கிக்கொள்ளும், அப்போதும் மாற்ற வேண்டும். டிவியைக் கெஸ்ட் வைஃபையில் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். கெஸ்ட்டில் உள்ள கருவி வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் கெஸ்ட்.

---

சர்வர்_சாம்பார்

பாதை சரியான பிறகு இதைச் செய்யுங்கள். ஜெல்லிஃபின் போதும். கம்ப்யூட்டரில் உள்ளதை டிவி, போன் ஆப்புகளுக்கு அனுப்பும் மீடியா சர்வர் அது. 'எம்பி' என்ற இன்னொரு மீடியா சர்வரிலிருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வந்த திறந்த மூல நிரல், எந்த வசதிக்கும் காசு இல்லை. இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸும் நல்லதுதான். ஆனால் கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வீடியோ மாற்றும் வசதி அதில் கட்டணத்துக்குள் இருக்கிறது.

இதன் அடிப்படை ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சர்வர் கோப்பைத் தொடாமல் அப்படியே அனுப்புவது டைரக்ட் ப்ளே. டிவிக்குப் புரியாத வடிவம் என்றால் ஓடும்போதே மாற்றி அனுப்புவது ட்ரான்ஸ்கோட். வீட்டுக்குள் உங்கள் இலக்கு முதலாவது. படம் ஓடும்போது கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்தால் எது நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று எழுதியே காட்டும். எந்தக் குறைக்கும் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். அனுமானம் வேண்டாம்.

நிறுவும்போது 'சர்வீஸ்' ஆக நிறுவவும் என்ற தேர்வை எடுங்கள். சாதாரண முறையில் போட்டால் யாராவது விண்டோஸில் லாகின் செய்த பிறகுதான் அது எழும். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் லாகின் திரையிலேயே நிற்கும், ஹாலில் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வரும். கூடவே பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை), கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று இருக்கும். அதில் கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள், 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். டிவியில் ஜெல்லிஃபின் ஆப்பைப் போட்டு, அதில் 192.168.1.20:8096 என்று ஒரு முறை அடித்தால் போதும். இதைச் செய்யாவிட்டால் ரவுட்டர் ஆஃப் ஆகி வந்த ஒரு நாளில் முகவரி மாறி, எல்லாம் போய்விட்டதாக வீட்டில் போன் வரும். 8096-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் மட்டும் வேண்டாம்.

டிஸ்க்கில் மூன்று ஃபோல்டர்: சினிமா, வீட்டு வீடியோ, பாட்டு. தமிழிலேயே பெயர் வைக்கலாம், தடையில்லை. சினிமா ஒவ்வொன்றும் தனி ஃபோல்டர், பெயருக்குப் பின் அடைப்புக்குள் ஆண்டு. ஒரே பெயரில் இரண்டு மூன்று படம் வருகிற ஊர் இது, ஆண்டு இல்லாவிட்டால் தப்பான போஸ்டர் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீடியோவை சினிமா நூலகத்தில் சேர்க்கவே கூடாது. 'ஹோம் வீடியோஸ் அண்ட் போட்டோஸ்' வகையில் தனி நூலகம். இல்லாவிட்டால் பெயரை வைத்துத் தேடி, உங்கள் முகூர்த்தத்துக்கு ஏதோ ஒரு ஹாலிவுட் படத்தின் போஸ்டரை மாட்டிவிடும்.

ஐ3-8100-இல் உள்ள யுஎச்டி 630 கிராஃபிக்ஸ், 4கே படங்களில் வரும் எச்இவிசி 10 பிட் வீடியோ வரை சிரமமில்லாமல் மாற்றும். ப்ளேபேக் பகுதியில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனுக்கு இன்டெலின் க்விக் சிங்க்கைத் தேர்ந்தெடுங்கள். ஏவி1 என்ற புது வீடியோ வடிவம் மட்டும் அதற்கு முடியாது, இன்டெலில் அது 11-ஆம் தலைமுறையிலிருந்துதான். டிவிக்கும் ஏவி1 புரியாவிட்டால் அந்தக் கோப்பு முழுக்க பிராசஸரின் தலையில் விழும், திணறும்.

டிவி ஆப்பில் அதிகபட்ச பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் அளவு) 'ஆட்டோ' என்று இருக்கும். அதை இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் விட்டால் வைஃபை ஒரு நொடி தடுமாறினாலும் தரத்தைக் குறைக்கிறேன் என்று தேவையில்லாமல் ட்ரான்ஸ்கோட் தொடங்கிவிடும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த ஒரு வரியில்தான்.

---

கேபிளே_போதும்

ஒரு டிவிக்கு இவ்வளவு எதற்கு? கோடி என்ற பிளேயர் ஆப்பை டிவியில் போட்டு, கம்ப்யூட்டரில் ஃபோல்டரை ஷேர் செய்தால் முடிந்தது. சர்வரும் இல்லை, ட்ரான்ஸ்கோடும் இல்லை, கோப்பு அப்படியே வரும்.

ஷேர் செய்யும்போது பலரும் தடுக்கி விழும் இடம் பாஸ்வேர்டு. விண்டோஸில் நுழையப் பயன்படும் நான்கு இலக்கப் பின் நம்பர் இங்கே செல்லாது. விண்டோஸ் 11-இன் புது பதிப்புகளில் பாஸ்வேர்டே இல்லாத ஷேரும் தகராறு செய்கிறது. 'டிவி' என்று தனியாக ஒரு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கி, அதற்கு பாஸ்வேர்டு வைத்து, அந்த அக்கவுண்டுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கோடியில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. விண்டோஸில் எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேர் முறையை ஆன் செய்யச் சொல்லும் யூடியூப் வீடியோக்களைக் கேட்காதீர்கள். அது பாதுகாப்பு ஓட்டை என்றுதான் மைக்ரோசாஃப்ட் அதை ஆஃப் செய்து வைத்திருக்கிறது.

---

சர்வர்_சாம்பார்

@கேபிளே_போதும் ஒரு டிவி என்றால் நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கோடி தன் பட்டியலை அந்த டிவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அம்மா ஹாலில் பாதி பார்த்ததை உள்ளே போய் போனில் தொடர முடியாது. டிவியின் சிப்புக்கு முடியாத கனமான வீடியோவை மாற்றி அனுப்ப அங்கே சர்வரும் இல்லை. கேள்வி கேட்டவர் 'வீட்டார் எல்லோரும்' என்று தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

---

சத்தம்_வரலை

சத்தமில்லாத படங்களுக்கு வருகிறேன். ஒலி பெரும்பாலும் டிடிஎஸ் என்ற வடிவில் இருக்கும். அதற்கு உரிமக் கட்டணம் உண்டு என்பதால் பல டிவிகளில் அது கிடையாது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்தே எடுத்துவிட்டது. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ நிரலில் திறந்தால் ஆடியோ வரியில் டிடிஎஸ் என்றே எழுதியிருக்கும். ஜெல்லிஃபின் போட்டால் இது தானாகத் தீரும்: வீடியோவைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றி அனுப்பும், பிராசஸருக்கு அது பெரிய சுமை இல்லை. பென்டிரைவிலும் ஓட வேண்டும் என்றால் வடிவம் மாற்றும் எக்ஸ்மீடியா ரீகோட் நிரலில் வீடியோவை 'காப்பி' என்று வைத்து, ஆடியோவை மட்டும் ஏசி3 என்ற ஒலி வடிவில் 640 கேபிபிஎஸ் ஆக்குங்கள். சில நிமிடம்தான் ஆகும். ஹேண்ட்பிரேக் என்ற நிரல் இதற்கு வேண்டாம், அது வீடியோவையும் சேர்த்து மறுபடி அரைக்கும்.

சப்டைட்டிலில் தமிழ் உடைவது மூன்று விதம், மூன்றுக்கும் மருந்து வேறு.

கட்டம் கட்டமாக வந்தால், ஓட்டும் ஆப்பின் எழுத்துருவில் தமிழ் இல்லை. வேறு பிளேயர் எஞ்சினைப் போட்டுப் பாருங்கள்.

கேள்விக்குறியும் கிறுக்கலுமாக வந்தால் எழுத்தைச் சேமித்த முறை (என்கோடிங்) தப்பு. நோட்பேடில் திறந்து பாருங்கள். தமிழ் சரியாகத் தெரிந்தால் 'சேவ் ஆஸ்' கொடுத்து யுடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள். நோட்பேடிலேயே கிறுக்கலாக இருந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி அல்லது டிஸ்கி எழுத்து முறைக் காலத்துக் கோப்பு. யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்த பிறகுதான் உதவும்.

'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறினால், எழுத்து இருக்கிறது, கோக்கத் தெரியவில்லை. ஆப்பின் சப்டைட்டில் அமைப்பில் 'பர்ன் இன்' கொடுத்தால் சர்வரே எழுத்தைப் படத்தின் மேல் வரைந்து அனுப்பும். ஆனால் அப்போது முழு வீடியோவும் ட்ரான்ஸ்கோட் ஆகும். ப்ளூ-ரே டிஸ்க்கிலிருந்து வந்த படவடிவ சப்டைட்டிலுக்கும் பல டிவிகளில் இதே கதிதான். படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், சப்டைட்டிலை ஆன் செய்த நொடியில் திணறும். வைஃபையைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

---

பழைய_ஆல்பம்

கல்யாண டிவிடியை அப்படியே போட்டால் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் நறுக்கிய விஓபி கோப்புகளாக வரும், தாலி கட்டும் நேரத்தில் அடுத்த துண்டுக்குத் தாவும். மேக்எம்கேவி என்ற நிரலில் அந்த ஃபோல்டரைக் கொடுத்தால் தரம் குறையாமல் ஒரே எம்கேவியாகக் கோத்துத் தரும். விசிடியில் இருப்பது டிஏடி கோப்பு, 352×288 அளவுள்ள எம்பெக்-1. விஎல்சியில் ஓடும், டிவிகள் முழிக்கும். இதை மட்டும் ஹேண்ட்பிரேக்கில் எச்.264 ஆக்கிவிடுங்கள். அளவைப் பெரிதாக்காதீர்கள், இல்லாத தெளிவு வராது. பீரோவில் இன்னும் மூல டிஸ்க் இருந்தால் இந்த மாதமே காப்பி எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும், டிரைவால் படிக்க முடியாது.

கை அசைக்கும்போது சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ் (ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிந்த) வீடியோ. ஹேண்ட்பிரேக்கில் டிஇன்டர்லேஸை ஆன் செய்து மாற்றினால் போய்விடும். எம்டிஎஸ்ஸிலும் இது வரும், ஆனால் பெரும்பாலான டிவி தானே சரி செய்துகொள்ளும். முதலில் அப்படியே போட்டுப் பாருங்கள்.

ஐபோன் போட்டோக்கள் எச்இஐசி என்ற வடிவில் இருக்கும். டிவியில் திறக்கும் என்று நம்ப வேண்டாம். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஜேபெக் 90 தரத்தில் தனி ஃபோல்டரில் ஒரு காப்பி எடுத்து அதை மட்டும் நூலகத்தில் காட்டுங்கள். உண்மையைச் சொன்னால் ஜெல்லிஃபினில் போட்டோ பகுதி சுமார்தான். தீபாவளிக்கு எடுத்த நானூறு படத்தையும் கொட்டாமல் ஐம்பதைப் பொறுக்கி வையுங்கள், பார்ப்பவர்களும் உட்காருவார்கள்.

அப்பாவின் கச்சேரிகளுக்கு, பாட்டுக் கோப்பின் விவரங்களை (டேக்) திருத்தும் எம்பி3டேக் நிரல் தேவைப்படும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் பாடியவர் பெயர் மட்டும், எல்லாப் பாட்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலில். வயலின், மிருதங்கம் வாசித்தவர்களை 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் எழுதலாம். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தைக் காலியாக விட்டால் ஒரே கச்சேரி நான்கு ஆல்பமாகச் சிதறும், தனி ஆவர்த்தனம் தனியாகப் போய் உட்காரும். தலைப்பில் பாட்டு, ராகம், தாளம் என்ற வரிசை. பழைய கோப்புகளில் டேக் டிஸ்கியில் இருந்து கிறுக்கலாகத் தெரியும், அழித்துப் புதிதாக அடிப்பதே சுலபம்.

---

ஈபி_ரீடிங்

செலவுக் கணக்கு. டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 40 வாட் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓட விட்டால் இரண்டு மாத பில்லில் 57.6 யூனிட். மாலை 6 முதல் 11 வரை மட்டும் என்றால் 12 யூனிட். ஏசி ஓடும் மாதங்களில் 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வீடு என்றால் அந்த 45 யூனிட் வித்தியாசம் உறைக்கும், ஏனென்றால் 500-ஐத் தாண்டினால் கட்டண வரிசையே வேறு. பயாஸில் மாலை 6 மணிக்குத் தானே ஆன் ஆகும்படி வைத்து, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 11 மணிக்கு ஷட்டவுன் போடுங்கள். மூலையில் பழைய லேப்டாப் கிடந்தால் அதையே சர்வராக்கலாம். 10, 15 வாட்தான், பேட்டரி இன்னும் தாங்கினால் அதுவே யுபிஎஸ்.

டெஸ்க்டாப்தான் என்றால் 600 விஏ யுபிஎஸ் அவசியம். கரண்ட் போனதும் படம் நிற்பது பிரச்சினை இல்லை, டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது போவதுதான் பிரச்சினை. ரவுட்டருக்கும் தனியாகச் சின்ன டிசி யுபிஎஸ் கிடைக்கிறது. வெளி டிஸ்க் வாங்கினால் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லை, திடீரென்று பிடுங்கினால் ஃபோல்டரே காணாமல் போகலாம்.

சர்வர் என்பது பேக்கப் இல்லை. சினிமா போனால் திரும்பக் கிடைக்கும், கல்யாணம் கிடைக்காது. வீட்டு வீடியோவையும் போட்டோவையும் மட்டும் இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். தரைத்தளம் என்றால் கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காதீர்கள், மழை வெள்ளம் பார்த்த வேளச்சேரிக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

---

வேளச்சேரி_2பிஹெச்கே

எல்லோருக்கும் நன்றி. 18 மீட்டர் கேபிள் போட்டாயிற்று, லிங்க் 1000 காட்டுகிறது. ஜெல்லிஃபின் போட்டு, பிட்ரேட்டையும் மாற்றியதும் 4கே நிற்காமல் ஓடுகிறது, டாஷ்போர்டில் டைரக்ட் ப்ளே என்று வருகிறது. சத்தமும் வந்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: அம்மா ரிமோட்டில் ஆப்பைத் திறந்ததும் என் பெயர், பாஸ்வேர்டு என்று கேட்கிறது. தெரியாமல் எதையாவது டெலீட் செய்துவிடுவார்களோ என்றும் பயம்.

---

சர்வர்_சாம்பார்

டாஷ்போர்டில் 'அம்மா', 'அப்பா' என்று இரண்டு பயனர் உருவாக்குங்கள், பாஸ்வேர்டு காலி. இரண்டிலும் டெலீட் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். அப்பாவுக்குப் பாட்டு, வீட்டு வீடியோ நூலகம் மட்டும் போதும் என்றால் மற்றதை அவர் கணக்கில் மறைத்துவிடலாம், திரையில் குழப்பம் குறையும். உங்கள் அட்மின் கணக்குக்குக் கண்டிப்பாக பாஸ்வேர்டு, 'லாகின் திரையில் காட்டாதே' என்பதையும் ஆன் செய்யுங்கள். டிவியின் முகப்பில் ஜெல்லிஃபின் ஐகானின் மேல் ஓகே பட்டனை அழுத்திப் பிடித்தால் நகர்த்தும் வசதி வரும், அதை வரிசையில் முதலில் கொண்டு வைத்துவிடுங்கள். இனி ஆப்பைத் திறந்ததும் இரண்டே படம் தெரியும், தன் பெயரை அழுத்தினால் போதும்.